ஒன்பதாம் சேனல் கைமாறிய வருடம்

வெண்ட்லிங், தெற்கு டகோட்டா
அக்டோபர் 11, 1999

அன்புள்ள ஆர்டிஸ்,

இங்கே எல்லோரும் சௌக்கியம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் இதைக் கேட்டேன். உன் பதில் செயற்கைக்கோளுக்குப் போய்த் திரும்புவதற்குள் பொறுமையில்லாமல் அடுத்த கேள்வியையும் கேட்டுவிட்டேன். நீ "ரொம்ப மோசம்" என்றாய், நான் "நல்லதாப் போச்சு" என்றேன். அந்தப் போனை நம்பி இனிமேல் நலம் விசாரிப்பதாக இல்லை. தபால் எவ்வளவோ மேல்.

சேனலில் பாதி உன்னுடையது என்பதால் இதை உனக்குச் சொல்லியாக வேண்டும். மிட்கிரவுன் கம்பெனியிலிருந்து கார்வர் என்று ஒருவன் வந்திருந்தான். நம் ஊர் நாலாம் சேனலை இரண்டு வருடம் முன்னால் வாங்கினார்களே, அவர்கள்தான். இப்போது நம்முடைய ஒன்பதாம் சேனலும் வேண்டுமாம்.

"உங்க அப்பா உருவாக்கின ஸ்டேஷன். அதுமேல எங்களுக்கு ரொம்ப மரியாதை இருக்கு" என்றான்.

"இந்த மாதிரி எத்தனை ஸ்டேஷன் மேல மரியாதை வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

கொஞ்சம்கூட அசையவில்லை. "இப்போதைக்கு நாப்பத்தி மூணு" என்றான்.

நம் அளவுள்ள ஊரில் இரண்டு சேனலுக்கும் ஒரே முதலாளி இருக்கச் சட்டம் இடம் கொடுக்காதே என்றேன். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். காகிதத்தில் முதலாளி வேறொரு கம்பெனி. வேலை முழுவதும் நாலாம் சேனல் கட்டடத்தில் நடக்கும். செய்தி அறை ஒன்று போதும், கேமராக்காரர்கள் நாலு பேர் போதும், வானிலை சொல்ல ஒரு முகம் போதும். இதையெல்லாம் ஒரு காகிதத்தில் படம் போட்டே காட்டினான்.

காபி குடிக்க வைத்து அனுப்பிவிட்டேன். டிஜிட்டலுக்கு மாற அரசாங்கம் கெடு வைத்திருக்கிறது. புது டிரான்ஸ்மிட்டர் வாங்க வேண்டும். பரவாயில்லை, சமாளித்துக்கொள்வேன். நான் இருக்கும்வரை ஒன்பதாம் சேனல் நம் குடும்பத்தை விட்டுப் போகாது. உன் விருப்பமும் அதுதான் என்று தெரியும். கவலைப்படாமல் இரு.

உன் தம்பி,
ஹாலிஸ்


டெர்ன் பே, அலாஸ்கா
நவம்பர் 2, 1999

அன்புள்ள ஹாலிஸ்,

உன் கடிதம் கோடியாக் வரைக்கும் ஒழுங்காக வந்துவிட்டது. அங்கிருந்து தபால் விமானம் மூடுபனி கலையட்டும் என்று காத்துக் கிடந்து, நேற்றுத்தான் இங்கே இறங்கியது. முழங்கால் இன்னும் என்னுடன்தான் இருக்கிறது. படி ஏறும்போது பேசுகிறது, இறங்கும்போது கத்துகிறது. மற்றபடி நலம். பள்ளிக்கூடத்தில் இருப்பதே பதினோரு பிள்ளைகள், அதில் பாதிப் பேருக்கு இருமல்.

கார்வரை அனுப்பிவிட்டதாக எழுதியிருந்தாய். சரி. நீ எதைச் செய்தாலும் எனக்குச் சம்மதம் என்று அப்பா இறந்த அன்றே சொல்லியிருக்கிறேன். அந்த ஸ்டேஷன்தான் உன் உயிர் என்று எனக்குத் தெரியாதா? எதிலாவது கையெழுத்து வேண்டுமானால் அனுப்பு, போட்டுத் தருகிறேன்.

ஒன்று மட்டும். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாய். அதில் கார்வர் குடித்த காபிகூட வருகிறது, கொலீன் வரவில்லை. நீயும் வரவில்லை. உன் மனைவி எப்படி இருக்கிறாள்? நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

பக்கத்து வீட்டு ஃபியோடரா புகையில் வாட்டிய சால்மன் மீன் கொடுத்திருக்கிறாள். உனக்குப் பாதியை இத்துடன் அனுப்புகிறேன். பொட்டலத்தை வீட்டில் வைத்துத் திற. ஆபீசில் திறந்தால் உன் ஆட்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

அன்புடன்,
ஆர்டிஸ்


வெண்ட்லிங்
டிசம்பர் 6, 1999

அன்புள்ள ஆர்டிஸ்,

மீன் வந்தது. ஆபீசில்தான் திறந்தேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு யாரும் ஓடவில்லை, நான் ஒரு துண்டு எடுப்பதற்குள் தீர்த்துவிட்டார்கள். இன்ஜினியர் டெல்பர்ட் உன்னைக் கல்யாணம் செய்துகொள்ளத் தயார் என்று சொல்லச் சொன்னான். அவன் மனைவியும் அதே மீனைத் தின்றிருக்கிறாள், அவளுக்கும் ஆட்சேபணை இல்லையாம்.

கொலீன் நன்றாக இருக்கிறாள். மினியாபொலிஸில் ஜில் வீட்டுக்குப் போயிருக்கிறாள். மகளோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வரட்டுமே. நான் ஆபீஸ் பின்னறையில் ஒரு மடக்குக் கட்டில் போட்டிருக்கிறேன். பனி நாளில் வீட்டுக்கும் ஆபீசுக்கும் அலைய வேண்டாம், சௌகரியமாகத்தான் இருக்கிறது.

இந்த மாதம் கார் விற்பனைக்காரர் இருவர் விளம்பரத்தை நிறுத்திவிட்டார்கள். மிட்கிரவுன் அவர்களுக்கு ஐந்து ஊர்ச் சேனல்களில் சேர்த்துப் பாதி விலைக்கு விளம்பரம் தருகிறதாம். ஒற்றைச் சேனலை வைத்துக்கொண்டு நான் எதைப் பாதி விலைக்குத் தருவது? செய்தி ஆசிரியை மார்வா காலையில் செய்தி வாசிக்கிறாள், மாலையில் கேமரா தூக்குகிறாள். ஒரு வார்த்தை முணுமுணுப்பதில்லை. இப்படிப்பட்டவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுக் கார்வருக்குக் கை கொடுக்க முடியுமா, நீயே சொல்.

கார்வர் மறுபடியும் போன் செய்தான். நான் மீட்டிங்கில் இருப்பதாகச் சொல்லச் சொன்னேன். எதிரே இருந்தது மீன் வந்த காலிப் பெட்டிதான்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து.

ஹாலிஸ்


டெர்ன் பே
ஜனவரி 9, 2000

ஹாலிஸ்,

உன் வாழ்த்து கிடைத்தது. எனக்கு ஒரு குறையும் இல்லை. புது நூற்றாண்டில் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுபோகும் என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் இருந்த ஒன்று நவம்பரிலேயே நின்றுவிட்டதால் வித்தியாசம் தெரியவில்லை.

கொலீனிடமிருந்தும் வாழ்த்து அட்டை வந்தது. மினியாபொலிஸ் முத்திரை. எப்போதும் "ஹாலிஸும் கொலீனும்" என்று எழுதுவாள், இந்த முறை அவள் பெயர் மட்டும்தான் இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் கேட்கப்போவதில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றும்போது சொல்.

ஆனால் இந்த ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும். அப்பாவுக்காக என்றாய், எனக்காக என்றாய், மார்வாவுக்காக என்றாய். உனக்கு அந்த ஸ்டேஷன் வேண்டுமா?

ஆர்டிஸ்


வெண்ட்லிங்
பிப்ரவரி 28, 2000

அன்புள்ள ஆர்டிஸ்,

நலம். உன் நலத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன். இந்தத் தபால் அட்டையில் இடம் போதாது. பெண்கள் கூடைப்பந்துப் போட்டி வாரம் இது. மூன்று நாளும் நேரடி ஒளிபரப்பு. விளையாட்டுச் செய்தி வாசிக்கும் லைலுக்குத் தொண்டை கட்டிவிட்டது, கடைசி ஆட்டத்துக்கு நானே வர்ணனை சொன்னேன். தோற்ற அணியை ஜெயித்ததாக அறிவித்தேன். ஊரில் பலருக்கு அது பிடித்துப்போயிற்று.

நீ கேட்டதைப் பற்றி யோசிக்க நேரம் இல்லை. பிறகு எழுதுகிறேன்.

ஹா.


வெண்ட்லிங்
ஏப்ரல் 17, 2000

அன்புள்ள ஆர்டிஸ்,

முதலில் சொல்லிவிடுகிறேன்: யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. நானும் நன்றாக இருக்கிறேன். மார்ச் முழுவதும் நான் ஒரு வரியும் எழுதவில்லை, நீயும் கோபித்துக்கொண்டு எழுதவில்லை என்று நினைக்கிறேன். இருக்கட்டும்.

நம் டவர் விழுந்துவிட்டது.

புதன்கிழமை காலையிலிருந்து மழை. மழையென்றால் சாதாரண மழை இல்லை, தொட்ட இடத்திலேயே உறைந்துபோகிற மழை. மதியத்துக்குள் மரக்கிளைகள் ஒடிந்து தெருவெங்கும் கிடந்தன. டெல்பர்ட் டவருக்குக் கீழே இருக்கும் அறையிலிருந்து போன் செய்தான்.

"ஹாலிஸ், டவர் முனகுது."

"முனகுதுன்னா?"

"வந்து கேளு. நான் வெளிய போறேன். இதுக்கடியில நிக்க எனக்குப் பைத்தியமா?"

பிக்கப் வண்டியை எடுத்துக்கொண்டு மெதுவாகப் போனேன். டெல்பர்ட் தன் வண்டியைச் சாலையோரம் தூரத்திலேயே நிறுத்தியிருந்தான். நானும் பக்கத்தில் நிறுத்தினேன். டவரை நாலாபுறமும் பிடித்து நிற்கும் கம்பிகள் ஒவ்வொன்றும் என் தொடைப் பருமனுக்கு ஐஸ் போர்த்தியிருந்தன. உண்மையிலேயே முனகல் கேட்டது. மாடு கன்று ஈனும்போது கேட்குமே, அந்த மாதிரி. பிறகு ஒரு கம்பி அறுந்தது. நான் பெரிய சத்தத்தை எதிர்பார்த்தேன். டவர் அப்படி விழவில்லை. நடுவில் மடங்கி, களைத்த ஆள் நாற்காலியில் உட்கார்வதுபோல உட்கார்ந்தது. சத்தம் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தது.

ஊரில் பாதி வீடுகளில் மின்சாரமே இல்லை. அதனால் ஒன்பதாம் சேனல் போய்விட்டது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை. டெல்பர்ட்டும் நாலாம் சேனல் இன்ஜினியரும் மீன்பிடிக் கூட்டாளிகள். இருவரும் பேசி வைத்து, அவர்கள் டவரில் நமக்கு ஒரு சின்ன ஆன்டெனா மாட்டியிருக்கிறார்கள். கார்வருக்குப் போன் செய்து அனுமதி கேட்டேன், தயங்காமல் கொடுத்தான். இப்போது எதிரி தோளில் உட்கார்ந்து செய்தி வாசித்துக்கொண்டிருக்கிறோம். நகர எல்லைக்கு வெளியே படம் தெரிவதில்லை.

இன்ஷூரன்ஸ்காரர்கள் வந்து பார்த்தார்கள். புது டவர் போடலாம் என்கிறார்கள். ஒரு வருடம் ஆகும். நானும் ஆகட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

டவர் விழுந்த பிறகு அங்கேயே கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

ஹாலிஸ்


டெர்ன் பே
ஏப்ரல் 29, 2000

என் அருமைத் தம்பி ஹாலிஸ்,

உனக்கும் டெல்பர்ட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று முதல் வரியிலேயே எழுதினாயே, அதற்கு உன்னை ஆயிரம் முறை வாழ்த்துகிறேன். கோபத்தால் நான் எழுதாமல் இருக்கவில்லை. அதிகமாகக் கேட்டுவிட்டோமோ என்ற பயத்தால்தான் எழுதவில்லை.

உன் கடிதத்தை அஞ்சலகத்தில் நின்றபடியே படித்தேன். படித்து முடித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று தோன்றியது. தோன்றியதும் வெட்கமாகிவிட்டது. சுற்றுமுற்றும் பார்த்தேன். ஃபியோடரா, "ஊர்ல ஏதாவது நல்ல சேதியா?" என்று கேட்டாள். எங்கள் டவர் விழுந்துவிட்டது என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

உன்னிடம் இதுவரை சொல்லாததைச் சொல்கிறேன். எனக்கு வரும் கெட்ட கனவெல்லாம் உன் செய்தி அறையில்தான் நடக்கிறது. நீ மாரடைப்பில் போய்விடுகிறாய், நான் வந்து உன் நாற்காலியில் உட்கார வேண்டியிருக்கிறது, எல்லோரும் ஏதோ முடிவு கேட்டுச் சுற்றி நிற்கிறார்கள். எனக்கு அந்த ஸ்டேஷன் ஒருநாளும் வேண்டியிருந்ததில்லை, ஹாலிஸ். நீ அதன்மேல் உயிரையே வைத்திருக்கிறாய் என்று நம்பித்தான் என் பாதியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அப்பாவைப் பற்றியும் யோசித்துப் பார்த்தேன். அவர் டிராக்டர் விற்றவர். வீட்டு நாயைக்கூட நல்ல விலை கேட்டபோது விற்றார், நாம் இருவரும் ஒரு வாரம் அழுதோம். விற்க மனம் வராமல் அவர் வைத்திருந்த பொருள் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அவர் பெயரைச் சொல்லி நாம் ஏன் இப்படி இருக்கிறோம்?

கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன் என்று எழுதியிருக்கிறாய். இருந்து என்ன செய்தாய்?

உன் அக்கா,
ஆர்டிஸ்


வெண்ட்லிங்
மே 20, 2000

அன்புள்ள ஆர்டிஸ்,

எனக்குச் சுகம்தான், உனக்கும் அப்படியே இருக்கட்டும். இதைச் சம்பிரதாயத்துக்கு எழுதவில்லை. ரொம்ப நாளைக்கப்புறம் உண்மையாகவே எழுதுகிறேன்.

சிரித்தேன். வேறு ஒன்றும் செய்யவில்லை. பிக்கப் வண்டிக்குள் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வருமளவுக்குச் சிரித்தேன். டெல்பர்ட் கண்ணாடியைத் தட்டி, "ஹாலிஸ், ஆஸ்பத்திரிக்குப் போலாமா?" என்று கேட்டான். வேண்டாம், நன்றாக இருக்கிறேன் என்றேன். "நல்லா இருக்கறவன் செய்யற காரியமா இது?" என்றான். பிறகு அவனும் சிரிக்க ஆரம்பித்தான்.

உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கே புரிந்தது. கடிதம் வந்த அன்று மாலையே மார்வாவை அறைக்குக் கூப்பிட்டேன். புது டவர் விஷயம் பேசலாம் என்றுதான் தொடங்கினேன். அவள் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. இந்த ஸ்டேஷனை நீங்க யாருக்காக வெச்சிருக்கீங்க?"

"இது என்ன கேள்வி? உங்க எல்லாருக்காகவும்தான்."

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நாங்க உங்களுக்காக இருக்கோம்னு நினைச்சுட்டிருக்கோம். சூ ஃபால்ஸ் பெரிய ஸ்டேஷன்ல இருந்து ரெண்டு தடவை என்னை வேலைக்குக் கூப்பிட்டாங்க. நான் போயிட்டா நீங்க ஒடிஞ்சு போயிடுவீங்கன்னு இங்கயே கிடந்தேன். பின்னறையில கட்டில் போட்டுப் படுத்திருக்கற மனுஷனை விட்டுட்டு எப்படிப் போறது?"

"எல்லாருக்குமே தெரியுமா, கட்டில் விஷயம்?"

"ஹாலிஸ், நீங்க குறட்டை விடறது காலை ஆறு மணிச் செய்தியில கேட்டுது."

இப்படி ஒருவரை ஒருவர் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு எல்லோருமாகச் சேர்ந்து மூழ்கிக்கொண்டிருந்திருக்கிறோம். எல்லோரும் என்று சொல்வது தவறு. லைல் அப்படி இல்லை. அவனுக்கு இந்த ஸ்டேஷன் மெய்யாகவே பிடிக்கும்.

மறுநாள் மினியாபொலிஸுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போனேன். கொலீன் நவம்பரிலேயே என்னை விட்டுப் போய்விட்டாள், ஆர்டிஸ். சண்டை ஒன்றும் இல்லை. "நீ ஸ்டேஷனோட குடித்தனம் பண்றே, நான் எதுக்கு நடுவுல?" என்று சொல்லிவிட்டுப் போனாள். உனக்கு அதை எழுத எனக்குக் கை வரவில்லை. நீ அட்டையிலிருந்தே கண்டுபிடித்துவிட்டாய்.

கதவைத் திறந்தவள் என்னை உள்ளே வா என்று சொல்லவில்லை.

"சேனலை வித்துட்டேன், திரும்பி வான்னு சொல்ல வந்தியா?"

"இல்ல. இன்னும் விக்கல. டவர் விழுந்துடுச்சு, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"அது எனக்குத் தெரியும். டி.வி.ல காமிச்சாங்க."

"எந்தச் சேனல்ல?"

"உன் சேனல்ல இல்ல" என்றாள். பிறகு, "உள்ள வா, குளிருது" என்றாள். மே மாதம், வெளியே நல்ல வெயில்.

நான் விற்க நினைக்கிறேன். இதை உனக்காகவோ அவளுக்காகவோ சொல்லவில்லை. ஜனவரியில் நீ கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்: வேண்டாம். எனக்கு வேண்டாம். ரொம்ப வருடமாகவே வேண்டாம். நீ என்ன சொல்கிறாய்?

ஹாலிஸ்


டெர்ன் பே
ஜூன் 5, 2000

அன்புள்ள ஹாலிஸ்,

இன்றைக்கு என் முழங்கால்கூட நலம்.

விற்றுவிடு.

காகிதங்கள் வந்ததும் கையெழுத்திட்டு அனுப்புகிறேன். இங்கே சாட்சிக் கையெழுத்துப் போட அதிகாரம் உள்ளவர் அஞ்சலகப் பெண்மணி மட்டும்தான், அவள் கையிலும் மீன் வாசனை இருக்கும். கார்வர் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் சும்மா விற்காதே. அவனுக்கு உன் சேனல் வேண்டும் என்றால் மார்வாவும் வேண்டும் என்று சொல். உன் ஆட்கள் ஒவ்வொருவருக்காகவும் வாயைத் திறந்து கேள். கேட்டும் கிடைக்காதவர்களிடம் நீயே நேரில் போய்ச் சொல். வேறு யார் மூலமாகவும் அவர்களுக்கு அது தெரியக் கூடாது.

கொலீனுக்கு என் அன்பு. அவள் அங்கே இருக்கிறாளா என்று கேட்கவில்லை, அன்பை மட்டும் சொல்.

ஆர்டிஸ்


வெண்ட்லிங்
செப்டம்பர் 8, 2000

அன்புள்ள ஆர்டிஸ்,

நாங்கள் இருவரும் நலம். "நாங்கள் இருவரும்" என்று எழுத எவ்வளவு நன்றாக இருக்கிறது. கொலீன் ஜூலையிலேயே வந்துவிட்டாள். உன் அன்பை மினியாபொலிஸுக்கே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அரசாங்க அனுமதி வந்து, ஆகஸ்ட் கடைசியில் சேனல் கைமாறியது. நீ சொன்னபடி எல்லோருக்காகவும் கேட்டேன். இரண்டு சேனலுக்கும் சேர்த்த செய்தி அறைக்கு மார்வாதான் தலைமை. கார்வரே அவளைத்தான் நினைத்திருந்தானாம், நான் பேரம் பேசி ஜெயித்ததாக வீணாகப் பெருமைப்பட்டுக்கொண்டேன். டெல்பர்ட் அவன் மீன்பிடிக் கூட்டாளியோடு ஒரே அறையில் வேலை செய்கிறான். நிறையப் பேருக்கு இடம் கிடைத்துவிட்டது. ஆனால் நாலு பேருக்குக் கிடைக்கவில்லை. அதில் லைல் ஒருவன். நாலாம் சேனலில் ஏற்கெனவே விளையாட்டுச் செய்திக்கு ஆள் இருக்கிறான், அவன் இவனைவிட இளையவன்.

நாலு பேர் வீட்டுக்கும் நானே போனேன். மூன்று பேர் என்னை உட்காரச் சொன்னார்கள். லைல் வாசலிலேயே நிறுத்திவிட்டான்.

"நீங்க வித்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. விக்கும்போது உங்க மூஞ்சில இருந்த சந்தோஷம் இருக்கே, அதைப் பாத்துட்டேன். அதான்" என்றான்.

நகரத்துப் பள்ளிக்கூடத்தில் பயிற்சியாளர் வேலைக்கு அவன் பெயரைச் சொல்லியிருக்கிறேன். நான் சொன்னது அவனுக்குத் தெரிய வேண்டாம். கிடைக்கும்போலத் தெரிகிறது.

நேற்று மாலை சாப்பிட உட்கார்ந்திருந்தோம். மேற்கே வானம் பச்சையாக மாறிக்கொண்டு வந்தது. சூறாவளி எச்சரிக்கைச் சங்கு ஊதியது. நான் எழுந்து பூட்ஸை மாட்டிக்கொண்டு சாவியைத் தேட ஆரம்பித்துவிட்டேன்.

"எங்க கிளம்பிட்டே?" என்றாள் கொலீன்.

"ஸ்டேஷனுக்கு."

"எந்த ஸ்டேஷனுக்கு?"

ஒரு காலில் பூட்ஸோடு நின்றேன். பிறகு சின்ன டி.வி.யையும் தட்டுகளையும் எடுத்துக்கொண்டு இருவரும் நிலவறைக்கு இறங்கினோம். மார்வா பேசிக்கொண்டிருந்தாள். எந்தச் சாலையில் வருகிறது, எந்தப் பண்ணைக்காரர்கள் உடனே கீழே இறங்க வேண்டும் என்று ஒவ்வொரு இடமாகப் பெயர் சொன்னாள். நிதானமாகச் சொன்னாள். ஒன்பதாம் சேனலைத் திருப்பினாலும் மார்வா, நாலாம் சேனலைத் திருப்பினாலும் மார்வா. சூறாவளி ஊரைத் தொடாமல் வடக்கே சோளக்காட்டில் இறங்கிக் கலைந்துபோயிற்று. நான் உருளைக்கிழங்கைச் சூடு ஆறுவதற்குள் சாப்பிட்டேன். புயல் நாளில் சூடாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை.

எல்லாமே நல்லதாக நடந்துவிட்டது என்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். போன வாரம் கவுன்டி அவைக் கூட்டத்துக்கு ஒரு கேமராகூடப் போகவில்லை. முன்பெல்லாம் நம்மவர் ஒருவரும் அவர்கள் ஆள் ஒருவரும் போய், இரண்டு பேரும் இரண்டு விதமாகச் சொல்வார்கள். ஊரார் இரண்டையும் கேட்டு, இரண்டையும் திட்டிவிட்டு, நடுவில் எங்கேயோ உண்மையைக் கண்டுபிடிப்பார்கள். இனி ஒரு விதம்தான், அதுவும் நேரம் இருந்தால். இது என்னை உறுத்துகிறது. கார்வருக்கு எழுதியிருக்கிறேன், மார்வாவிடமும் சொன்னேன். "ஆள் குடுங்க, அனுப்பறேன்" என்றாள். இப்போது ஆள் கொடுக்க நான் யார்?

உறுத்துகிறது. ஆனாலும் தூங்குகிறேன். இரண்டும் உண்மை.

கொலீன் ஒன்று சொல்கிறாள். முப்பது வருடத்துக்கு மேல் நீ அங்கே இருக்கிறாய், நான் ஒரு தடவைகூட வந்ததில்லை. ஸ்டேஷனை விட்டு வர முடியாது என்று சொல்லிவந்தேன். இனி அந்தச் சாக்கும் கிடையாது. ஜில்லுக்குப் பிரசவ நேரம், கொலீன் அங்கே போகிறாள். நான் உன்னிடம் வரட்டுமா?

உன் தம்பி,
ஹாலிஸ்


டெர்ன் பே
செப்டம்பர் 27, 2000

அன்புள்ள கொலீன்,

நீயும் ஜில்லும் நலமாக இருக்க வேண்டும். குழந்தை பிறந்ததும் அஞ்சலகத்துக்குப் போன் செய்து சொல். அந்தப் பெண்மணி ஓடிவந்து எங்களிடம் சொல்வாள், வழியில் பார்க்கிறவர்களுக்கும் சொல்வாள்.

உன் கணவர் பத்திரமாக வந்து சேர்ந்தார். சின்ன விமானம் தண்ணீரில் இறங்கியபோது அவர் முகம் சுண்ணாம்பாக இருந்தது. இறங்கி நின்று கரையைப் பார்த்தார், மலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆர்டிஸ், உனக்கு வயசாயிடுச்சு" என்றார். அதைச் சொல்ல இவ்வளவு தூரம் வந்தாயா என்றேன். அவர் பெட்டியை நான் தூக்கப்போக, முழங்காலைக் காட்டி என்னை அதட்டினார்.

முதல் இரண்டு நாள் ஓயாமல் நடந்தார். பள்ளிக்கூடத்துக்கு வந்து பிள்ளைகளுக்கு டவர் விழுந்த கதையைச் சொன்னார். மாடு முனகுவதுபோல முனகிக் காட்டச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். திரும்பத் திரும்பச் செய்தார். மூன்றாம் நாள் ஃபியோடராவின் மகன் படகில் மீன் பிடிக்கப் போனார். ஒரு மீனும் பிடிக்கவில்லை, அதைப் பற்றி எனக்கு ஒரு மணி நேரம் சொன்னார்.

நான் உனக்கு இதை எழுத உட்கார்ந்தது, இன்று மாலை படகுத் துறையில் நடந்ததைச் சொல்லத்தான். வெண்ட்லிங்கில் அவரைப் பார்க்கிற யாரும் முதலில் வானிலையைத்தான் கேட்பார்கள், இல்லையா? கடைக்காரர், பாதிரியார், பெட்ரோல் போடுகிறவர், எல்லோரும். ஆலங்கட்டி விழுந்தால் அவரைத்தான் முறைப்பார்கள் என்று நீயே எழுதியிருக்கிறாய். இங்கேயும் அதே கதைதான். ஃபியோடராவின் மகன் வலையைச் சுருட்டிக்கொண்டே கேட்டான்:

"நீங்க டி.வி. முதலாளியாமே. நாளைக்குக் காத்து எப்படி இருக்கும்?"

ஹாலிஸ் கடலைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாது" என்றார்.

அதைச் சொன்னபோது அவர் முகம் எப்படி இருந்தது என்று உனக்கு எழுத நினைத்தேன். எழுத வரவில்லை. நீயே பார்க்க வேண்டும், கொலீன். அவரைச் சீக்கிரம் திருப்பி அனுப்புகிறேன்.

உன் அன்பு நாத்தனார்,
ஆர்டிஸ்